அணு உண்டா, இல்லையா? – ஒரு நீண்ட வழக்கின் கதை

1970-ஆம் வருஷம், பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாள் சின்னக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். கயிற்றுத் துண்டைக் கொளுத்தி, அந்தப் புகையைப் பெட்டிக்குள் அடைத்து, பக்கவாட்டில் விளக்கொளி பாய்ச்சி, மேலிருந்து மைக்ரோஸ்கோப்பால் பார்க்க வேண்டும். புகைத் துகள்கள் நட்சத்திரம் போல மின்னிக்கொண்டு இங்குமங்கும் துள்ளும். அதைப் பார்த்து ரெகார்டு நோட்டில் எழுத வேண்டும். முப்பது பேருக்கு ஒரே மைக்ரோஸ்கோப். என் முறை வந்தபோது எனக்குத் தெரிந்தது சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் மட்டும்தான். பின்னால் நின்றவன் முதுகில் இடித்துக்கொண்டிருந்தான். "தெரியறதா?" என்று டெமான்ஸ்ட்ரேட்டர் கேட்டார். "தெரியறது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அன்று ராத்திரி அழகாகப் படம் போட்டு, துகள்கள் இடைவிடாமல், ஒழுங்கின்றி அசைவதைக் கண்டேன் என்று எழுதினேன். பத்துக்கு ஒன்பது மார்க்கும் வந்தது.

அதன் பிறகு மத்திய அரசின் தணிக்கைப் பணியில் சேர்ந்து, நாக்பூர், ஷில்லாங், டில்லி என்று முப்பத்தைந்து வருஷம் ஓட்டினேன். இருப்பைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட ஸ்டோர் கீப்பர்களிடம், "நீங்கள் எண்ணினீர்களா, அல்லது போன வருஷத்துக் கணக்கைப் பார்த்து எழுதினீர்களா?" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தது. அப்படிக் கேட்ட ஒவ்வொரு முறையும் அந்த ரெகார்டு நோட்டு எனக்கு ஞாபகம் வந்தது என்று சொன்னால் அது பொய். ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. அணு என்று ஒன்று உண்டா என்ற வழக்கு முழுவதும் இந்த ஒரே கேள்வியில்தான் நின்றது என்பதை அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பார்த்தவர் யார்? எண்ணியவர் யார்?

நம் அன்பர்களில் சிலர் இந்த இடத்திலேயே, "இதென்ன புதிது? கணாதர் சொல்லவில்லையா?" என்று கேட்பார்கள். சொன்னார், சந்தேகமில்லை. வைசேஷிகத்தில் பரமாணு உண்டு. இரண்டு பரமாணு சேர்ந்து த்வயணுகம். மூன்று த்வயணுகம் சேர்ந்தால் த்ரஸரேணு. ஜன்னல் வழியாக விழும் வெயிலில் மிதக்கிறதே, அந்தத் தூசியே த்ரஸரேணு என்றார்கள். ரோமாபுரியில் லுக்ரீஷியஸ் என்ற கவி, கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில், அதே வெயில் தூசியைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் இடிப்பதால்தான் அது புரளுகிறது என்று எழுதினார். இரண்டு பேருமே மகா புத்திசாலிகள். ஆனால் வெயிலில் தூசி புரளுவது பெரும்பாலும் காற்றோட்டத்தால். த்ரஸரேணுவில் ஆறு பரமாணுக்கள்தான் என்ற கணக்கும் இன்றைய கணக்குக்குக் கோடிக்கணக்கான மடங்கு குறைவு. முடிவு சரி, வவுச்சர் தப்பு. ஆடிட்டில் இதை ஏற்க மாட்டோம். கணாதருடைய பெருமைக்கு அவர் யோசித்ததே போதும். செய்யாத பரிசோதனையை அவர் கணக்கில் நாம் எழுத வேண்டியதில்லை. ஒரு சுவாரஸ்யம் மட்டும் சொல்ல வேண்டும். பரமாணுக்களின் முதல் அசைவுக்குக் காரணம் 'அதிருஷ்டம்' என்று வைசேஷிக சூத்திரம் சொல்கிறது. அந்தச் சொல்லுக்குக் 'காணப்படாதது' என்று பொருள். அதே சொல்தான் நம் வாயில் அதிர்ஷ்டமாகி, லாட்டரிச் சீட்டு வரைக்கும் வந்துவிட்டது.

இனி 1827-க்கு வருவோம். ராபர்ட் ப்ரௌன் ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் வைத்தியம் படித்து, ராணுவத்தில் உதவி வைத்தியராக இருந்து, 1801-ல் ஃபிளிண்டர்ஸ் என்ற மாலுமியோடு 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் ஆஸ்திரேலியா போய், ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சேகரித்துக்கொண்டு 1805-ல் திரும்பியவர். தாவர செல்லின் நடுவே இருக்கும் உட்கருவுக்கு 'நியூக்ளியஸ்' என்று பெயர் வைத்தவரும் இவரே. 1827 ஜூன் மாதம் லண்டனில், வட அமெரிக்காவிலிருந்து வந்த கிளார்க்கியா புல்செல்லா என்ற பூவின் மகரந்தத்தைத் தண்ணீரில் இட்டு, ஒரே ஒரு லென்ஸ் கொண்ட எளிய மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

நம்மில் பலரும், என் ரெகார்டு நோட்டு உட்பட, 'மகரந்தத் தூள் துள்ளியதை ப்ரௌன் கண்டார்' என்று எழுதி வந்திருக்கிறோம். அது தவறு. மகரந்த மணி அதற்கெல்லாம் அசையாத குண்டு மணி. அவர் பார்த்தது அந்த மணிக்குள்ளே இருக்கும் நுண்துகள்களை. அங்குலத்தில் 4000-ல் ஒரு பங்கு முதல் 5000-ல் ஒரு பங்கு வரை நீளம் என்று அவரே அளவு குறித்து வைத்திருக்கிறார். அந்தச் சாதாரண லென்ஸில் இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று பிற்காலத்தில் சந்தேகம் எழுந்தபோது, ப்ரையன் ஃபோர்டு என்பவர் ப்ரௌன் கையாண்ட மைக்ரோஸ்கோப்பையே எடுத்து அதே பூவின் மகரந்தத்தைப் பார்த்தார். நன்றாகவே தெரிந்தது.

முதலில் ப்ரௌன் இதை உயிரின் துடிப்பு என்றே எண்ணினார். மகரந்தம் ஆண் பாகம் அல்லவா? அப்படியே எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தால் பெரும் பரபரப்பு ஆகியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. நூறு வருஷமாக உலர்ந்து கிடந்த செடியின் மகரந்தத்தை எடுத்துப் பார்த்தார், அதிலும் துள்ளல். பிசினைப் பொடித்துப் பார்த்தார். நிலக்கரி, கண்ணாடி, கற்கள், உலோகங்கள், கடைசியில் எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து வந்த ஒரு கல் துணுக்கையும் பொடித்துத் தண்ணீரில் போட்டார். அதுவும் துள்ளியது! ஸ்பிங்ஸுக்கு உயிர் உண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் ஆவியாவதால் வரும் ஓட்டமோ என்று யாராவது கேட்பார்கள் என்று, எண்ணெய்க்குள் மிகச் சின்ன நீர்த்துளிகளைச் சிறை வைத்து, அவற்றில் ஒரே ஒரு துகள் மட்டும் இருக்கும் துளியையும் பார்த்தார். ஆவியாகவும் வழியில்லை, பக்கத்துத் துகள் இடிக்கவும் வழியில்லை. ஆனாலும் அசைவு நிற்கவில்லை. தனக்கு முன்பே இத்தகைய அசைவைப் பார்த்தவர்களின் பெயர்களையும் 1829-ல் எழுதிய குறிப்பில் தந்தார். காரணம் இன்னதென்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதாத மனுஷர். 1858-ல் காலமானார்.

அவர் காலமான அதே வருஷம் ஜெர்மனியில் இன்னொரு தகராறு நடந்தது. வாயுவின் மூலக்கூறுகள் வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்று கிளௌசியஸ் கணக்குப் போட்டிருந்தார். ஹாலந்துக்காரரான பைஸ் பாலட், "அப்படியானால் அறையின் ஒரு மூலையில் வைத்த பண்டத்தின் வாசனை மறு மூலைக்கு வர ஏன் இவ்வளவு நேரமாகிறது?" என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். அடுப்பங்கரையில் பெருங்காயம் பொரிந்தால் கூடத்துக்கு வாசனை வர ஒரு நிமிஷமாவது ஆகிறதே! கிளௌசியஸ் சொன்ன பதில் இது: மூலக்கூறு வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் நேராக ஓட முடியவில்லை, ஓரடி வைப்பதற்குள் இன்னொன்றோடு மோதித் திரும்புகிறது. இன்றைய கணக்கில், நம் அறைக் காற்றின் மூலக்கூறு வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகம் உடையது. ஆனால் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே அது போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாலை ஆறு மணிக்கு தாதர் ஸ்டேஷன் பாலத்தில் நடந்த மும்பை அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பெரிய பெரிய மேதைகள் அணுவை ஒப்புக்கொள்ளவில்லை. ரசாயனத்தில் அந்நாளின் தலைவர்களில் ஒருவரான ஓஸ்ட்வால்ட், எல்லாமே சக்திதான், அணு என்பது கற்பனை என்றார். வியன்னாவின் எர்ன்ஸ்ட் மாக், யாராவது அணு என்று வாயெடுத்தால், "நீங்கள் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்பாராம். சிறுவயதில் இவர்களைப் பற்றிப் படித்தபோது மடையர்கள் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆடிட்டர் கேட்கவேண்டிய கேள்வியையே அவர்கள் கேட்டார்கள். தவறு கேட்டதில் இல்லை. பதில் வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

இந்த வழக்கில் அணுவின் பக்கம் நின்று வாதாடியவர் லுட்விக் போல்ட்ஸ்மன். வாயுக்களின் சூடு, அழுத்தம் எல்லாவற்றையும் மூலக்கூறுகளின் ஓட்டத்தைக் கொண்டே கணக்கிட்டவர். 1898-ல் வெளியான தம் நூலின் முன்னுரையில், இந்தக் கொள்கை எதிர்ப்பினால் கொஞ்ச காலம் மறக்கப்பட்டுவிடுமோ என்ற கவலையை எழுதியிருக்கிறார். 1906 செப்டம்பர் 5-ஆம் தேதி, டிரியெஸ்ட் நகருக்குப் பக்கத்தில் டுயினோ என்ற கடலோர ஊரில், குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன இடத்தில், தூக்கிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். எதிரிகளின் கேலி தாங்காமல் இறந்தார் என்று கதைபோல எழுதுகிறவர்கள் உண்டு. அவருக்கு நெடுநாளாக மனச்சோர்வு நோய் இருந்தது. கண்பார்வையும் மோசமாகி வந்தது. ஒரு காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவது சரியல்ல. ஆனால் ஒன்றை நினைத்தால் மனசு கனக்கிறது. அவர் இறந்தபோது, அவர் பக்கம் தீர்ப்பைத் திருப்பப்போகும் கட்டுரை அச்சாகி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

அந்தக் கட்டுரையை எழுதியவர் ஸ்விட்சர்லாந்து பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் வகுப்புத் தொழில்நுட்ப நிபுணர். வயது 26. பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். (அரசு ஊழியர்கள் கோப்பு தள்ளுவதைத் தவிர வேறு எதற்கும் லாயக்கில்லை என்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் உதாரணம் இவர். இரண்டாவது உதாரணம் பின்னால் வருகிறது. நான் தள்ளியது கோப்புதான்.) 1905 மே மாதம் பத்திரிகைக்குப் போன அந்தக் கட்டுரை சொல்வது இதுதான். தண்ணீரில் மிதக்கும் துகளை நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிக்கின்றன. பெரிய பொருளாக இருந்தால் இந்தப் பக்க இடியும் அந்தப் பக்க இடியும் சமமாகிப் போகும். துகள் மிகச் சிறியதானால், ஒரு கணம் இடப்பக்கம் இரண்டு இடி அதிகம், மறுகணம் வலப்பக்கம் அதிகம். ஆகவே துகள் தள்ளாடும். எவ்வளவு தள்ளாடும்? ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்கிறோம். ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள துகள் 17 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில் ஒரு வினாடியில் சராசரியாக 0.8 மைக்ரானும், ஒரு நிமிஷத்தில் சுமார் 6 மைக்ரானும் நகர்ந்திருக்கும் என்றார்.

நிமிஷத்துக்கு 60 வினாடி, அப்படியானால் 48 மைக்ரான் அல்லவா வரவேண்டும் என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. முன்னும் பின்னும் தள்ளாடுகிறவன் போய்ச் சேரும் தூரம் நேரத்தைப் போல வளராது. நேரத்தின் வர்க்கமூலத்தைப் போலத்தான் வளரும். நான்கு மடங்கு நேரம் காத்திருந்தால் இரண்டு மடங்கு தூரம். 60-ன் வர்க்கமூலம் சுமார் 7.75, அதை 0.8-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதுவரை எல்லோரும் துகளின் வேகத்தை அளக்க முயன்று தோற்றார்கள். பாதை முழுக்க மூலைக்கு மூலை திரும்புவதால், எவ்வளவு சின்ன இடைவெளியில் அளக்கிறோமோ அவ்வளவு வேகம் கூடிக்கொண்டே போகும்; பொருளுள்ள விடை கிடைக்காது. வேகத்தை விட்டுவிட்டு, கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று மட்டும் அளந்தால் போதும், அதிலிருந்து மூலக்கூறுகளின் எண்ணிக்கையே வந்துவிடும் என்பது ஐன்ஸ்டைன் காட்டிய வழி. இதைத்தான் ப்ரௌன் பார்த்தார் என்று உறுதியாகச் சொல்லத் தம்மிடம் போதிய தகவல் இல்லை என்றும் அடக்கமாக எழுதினார். நியாயமாக இன்னும் இருவரைச் சொல்ல வேண்டும். மெல்போர்னில் இருந்த வில்லியம் சதர்லாண்ட் அதே 1905-ல் இதன் அடிப்படைச் சூத்திரத்தைத் தனியாகக் கண்டார். போலந்துக்காரரான ஸ்மோலுகோவ்ஸ்கி 1906-ல் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தார். இருவர் பெயரும் நம் பாடப்புத்தகத்தில் இல்லை.

இனி எண்ண வேண்டிய வேலை. அதைச் செய்தவர் பாரிஸில் ழான் பெரின். மஞ்சள் வர்ணம் செய்யும் காம்போஜ் என்ற பிசினை எடுத்துக்கொண்டார். கம்போடியாவின் பெயரிலிருந்து வந்த பெயர் அது; கேரளத்துக் கடைகளில் விற்கும் குடம்புளியும் அதே மர இனத்தைச் சேர்ந்தது. அதைத் தண்ணீரில் கரைத்தால் குட்டிக் குட்டி உருண்டைகள் கிடைக்கும், ஆனால் அளவு ஒன்றுபோல இராது. சுழல் இயந்திரத்தில் இட்டுச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். ஒரு கிலோ பிசினில் பல மாதம் பாடுபட்டு, ஒரே அளவுள்ள உருண்டைகள் கிடைத்தது ஒரு கிராமில் சில பத்தில் ஒரு பங்கு!

மலை ஏறினால் காற்று மெலிகிறது. ஏறத்தாழ ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு முறை பாதியாகிறது. காற்றின் மூலக்கூறு கீழே விழாமல் மிதப்பது அதன் ஓயாத ஓட்டத்தால்தான் என்றால், பிசின் உருண்டையும் தண்ணீரில் அதே போலப் படிப்படியாக மெலிய வேண்டும் என்று பெரின் நினைத்தார். உருண்டை மிகக் கனம். ஆகவே கிலோமீட்டருக்குப் பதில் மைக்ரான் கணக்கில் மெலியும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழமுள்ள பாத்திரத்தில், 30 மைக்ரான் இடைவெளியில் நான்கு உயரங்களில் எண்ணினார். துள்ளும் துகள்களை எப்படி எண்ணுவது? கண் ஒரே பார்வையில் ஐந்து ஆறுக்கு மேல் எண்ணாது. ஆகவே ஊசித் துளை அளவுக்குப் பார்வையைக் குறுக்கி, ஒவ்வொரு முறையும் தெரிந்த மூன்றோ நான்கோ உருண்டைகளைக் குறித்துக்கொண்டே போனார். இப்படி ஒரே ஒரு பரிசோதனையில் எண்ணியது 13,000 உருண்டைகள். கீழே 100 என்றால் மேலே போகப்போக 47, 22.6, 12. கிட்டத்தட்ட ஒவ்வொரு படிக்கும் பாதி. ஸ்டோர் வெரிஃபிகேஷன் என்றால் இதுவல்லவோ!

அதிலிருந்து அவர் கணக்கிட்டது அவகாட்ரோ எண்ணை. அந்தப் பெயரை 1909-ல் வைத்தவரும் அவரே. 18 கிராம் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை அது: 6 எழுதி 23 சுழி போட்டுக்கொள்ளுங்கள். ஐன்ஸ்டைனின் சூத்திரப்படி துகளின் தள்ளாட்டத்தை அளந்தும் பார்த்தார். ஏறக்குறைய அதே எண் வந்தது. 1913-ல் எழுதிய 'அணுக்கள்' என்ற நூலில், வானத்தின் நீலம், ரேடியத்திலிருந்து வரும் ஹீலியம், சூடான பொருளின் ஒளி, மின்துகளின் மின்னூட்டம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பத்துக்கு மேற்பட்ட வழிகளில் கிடைத்த எண்களை ஒரே அட்டவணையில் வைத்தார். எல்லாம் 6-க்கும் 7.5-க்கும் இடையே. பத்து ஊர்களில் பத்து குமாஸ்தாக்கள், ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதிய பேரேடுகளில் ஒரே இருப்பு வந்தால் அந்த இருப்பு நிஜம். என் அனுபவத்தில் இதைவிட வலுவான சாட்சியம் கிடையாது.

இதே சமயத்தில் ஒரு ஆடிட் அப்ஜெக்ஷனும் நடந்தது. 1905-லேயே ஐன்ஸ்டைன் தம் டாக்டர் பட்ட ஆய்வில், சர்க்கரைக் கரைசலின் பிசுபிசுப்பைக் கொண்டு அதே எண்ணைக் கணக்கிட்டிருந்தார், வந்தது 2.1 தான். பெரினின் கூடத்தில் பான்ஸ்லான் என்பவர் செய்த அளவுகள் அந்தச் சூத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. ஐன்ஸ்டைன் தம் கணக்கை மறுபடி பார்த்தார். தவறு ஒன்றும் தெரியவில்லை. தம்மிடம் வேலை செய்த லுட்விக் ஹோப்ஃப் என்ற இளைஞரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். அவர் பிழையைக் கண்டுபிடித்தார். 1911-ல் திருத்தம் வெளியாயிற்று, எண் 6.6-க்கு உயர்ந்தது. தன் கணக்கில் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு ஐன்ஸ்டைனே விதிவிலக்கில்லை.

ஓஸ்ட்வால்ட் 1909-ல் வந்த தம் பாடநூலின் முன்னுரையில், அணு உண்டு என்பதற்கு நிரூபணம் கிடைத்துவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பல வருஷம் எதிர்த்து மேடையில் பேசியவர், அச்சில் அப்படி எழுத எவ்வளவு மனோதிடம் வேண்டும்! பெரினுக்கு 1926-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஹிட்லரின் படை பிரான்ஸைப் பிடித்தபின் நாட்டைவிட்டு வெளியேறி, 1942-ல் நியூயார்க்கில் காலமானார்.

இரண்டாவது அரசு ஊழியரைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகச் சேர்ந்த சி.வி. ராமன். பத்து வருஷம் கணக்குத் துறையில் இருந்தபடியே காலையும் மாலையும் ஆராய்ச்சி செய்து, 1917-ல் பேராசிரியரானவர். 1921-ல் இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற அந்நாளைய கருத்தைச் சோதித்தார். ஒரு நிக்கோல் பிரிசத்தால் மேல்பரப்பின் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தபோது நீலம் மறையவில்லை. இன்னும் பளிச்சென்றுதான் தெரிந்தது. ஓயாத ஓட்டத்தால் நீர் மூலக்கூறுகள் ஒரு கணம் ஓரிடத்தில் நெருங்கியும் மறுகணம் விலகியும் இருப்பதால் ஒளி சிதறுகிறது என்று, ஸ்மோலுகோவ்ஸ்கியும் ஐன்ஸ்டைனும் தந்த கணக்கைக் கொண்டே விளக்கினார். பம்பாய்த் துறைமுகத்திலிருந்து 'நேச்சர்' பத்திரிகைக்குக் கடிதம் போயிற்று. அங்கே ஆரம்பித்த பாதைதான் 1928-ல் ராமன் விளைவில் முடிந்தது. அவருடைய அண்ணாவின் பிள்ளை சந்திரசேகர், ரயில்வே கணக்குத் துறையில் இருந்த அப்பாவுக்கு லாகூரில் பிறந்தவர். 1943-ல் இதே தள்ளாட்டக் கணக்கை நட்சத்திரக் கூட்டங்களுக்குப் பொருத்தி எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது.

போன வருஷம் பேத்தி பள்ளிக்கூட வேலைக்காக ஒரு மைக்ரோஸ்கோப் வாங்கினாள். ஒரு துளி பாக்கெட் பாலை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, 400 மடங்கில் வைத்தோம். "ஏன்னா, காபிக்கு வெச்ச பாலை எதுக்கு எடுத்தேள்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பேத்தி முதலில் பார்த்தாள். "தாத்தா, ஒண்ணுகூட நிக்கவே மாட்டேங்கறதே!" என்றாள்.

நானும் பார்த்தேன். கண்புரை ஆபரேஷன் ஆன கண். பாலின் கொழுப்பு உருண்டைகள், சின்னது அதிகமாகவும் பெரியது சோம்பலாகவும், எல்லாம் ஒரே நடுக்கம். தட்டை அசைக்காமல் அரைமணி வைத்திருந்தோம், அடங்கவில்லை. பெரின் செய்ததுபோல் ஒரு உருண்டையைத் தேர்ந்தெடுத்து, 30 வினாடிக்கு ஒரு முறை அது இருக்கும் இடத்தைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கச் சொன்னேன். நான் கடிகாரம் பார்த்தேன், அவள் குறித்தாள். பதினேழாவது புள்ளியில் அந்த உருண்டை பார்வையை விட்டு ஆழத்துக்குப் போய்விட்டது. "பதினேழுதான் பார்த்தேன், பதினேழுன்னே எழுதிடறேன்" என்று எழுதி, கீழே தேதி போட்டாள்.